கொசுவலைக்கு நான்கு கொக்கி

வெளிநாட்டு மருத்துவ ஆய்வுக்கு ஆள் அனுப்பும் அலுவலகங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் உங்களில் ஓர் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கருத்துப் படிவம் வந்தது. பயிற்சி எப்படி, வழிகாட்டி எப்படி, ஆய்வுக்கூட வசதி எப்படி என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, ஒன்பதாவதாக 'தங்குமிடம்' என்று ஒரே ஒரு சொல். எதிரே 1 முதல் 5 வரை ஐந்து கட்டம். மற்றதையெல்லாம் கால் மணி நேரத்தில் நிரப்பிவிட்டேன். ஒன்பதாவதில் மட்டும் மூன்று நாளாகக் கை ஓடவில்லை. 2 என்று போட்டால் வீட்டுக்கார அம்மாவுக்குத் துரோகம். 5 என்று போட்டால் உங்களை நல்லவர்களாக்கியதாகிவிடும். எண்ணில் சொல்ல முடியாததால் எழுதிச் சொல்கிறேன். அடுத்த மழைக்காலத்துக்கு இன்னும் சிலரை அனுப்பப் போவதாகக் கேள்வி. அவர்கள் பெட்டி கட்டும் முன் இது உங்கள் மேசைக்கு வந்துவிட வேண்டும். ஒரு அலுவலகத்துக்கு மட்டும் எழுதாமல் எல்லோருக்குமாக எழுதக் காரணம், வேறு வேறு அலுவலகம் வழியாக வந்து அங்கே நான் சந்தித்த ஐந்தாறு பேரும் இதே கதையைத்தான் சொன்னார்கள்.

நான் மதுரைக்காரி. கண் மருத்துவம், அதிலும் விழித்திரை. 2023 ஜூனிலிருந்து அடுத்த மார்ச் வரை, ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் பிளாண்டயர் நகரத்தில் இருந்தேன். மலேரியாவுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று ஊரில் இன்னும் கேட்கிறார்கள். மூளை மலேரியாவில், கிருமி புகுந்த சிவப்பணுக்கள் மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் ஒட்டிக்கொள்கின்றன. குழந்தை காலையில் காய்ச்சல், மாலையில் வலிப்பு, இரவில் நினைவில்லை என்று ஆகிவிடும். மூளையைத் திறந்து பார்க்க முடியாது. ஆனால் விழித்திரை மூளையின் நீட்சி. கண்மணி வழியே அதைப் பார்த்துவிடலாம். அங்கங்கே வெளுத்த திட்டுகள், நிறம் மாறிய குழாய்கள், நடுவில் வெள்ளைப் புள்ளி வைத்த இரத்தக் கசிவுகள். பிளாண்டயரில் நடந்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வு இதை உறுதிசெய்தது. மூளை மலேரியா என்று முடிவு செய்யப்பட்டு இறந்த 31 குழந்தைகளைப் பிரேதப் பரிசோதனை செய்தபோது, 7 பேர் இறந்தது வேறு காரணத்தால். இரண்டு கூட்டத்தையும் பிரித்துக் காட்டிய ஒரே மருத்துவ அடையாளம் விழித்திரை. அதனால்தான் மதுரையில் சர்க்கரை நோயாளிகளின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த என் போன்றவளுக்கு அந்த ஊரில் வேலை.

நினைவிழந்த குழந்தையை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் அளவுகோலுக்கே 'பிளாண்டயர் கோமா ஸ்கேல்' என்றுதான் பெயர். பெரியவர்களுக்கான கிளாஸ்கோ அளவுகோல் பேச்சையும் சார்ந்தது. பேசத் தெரியாத பிள்ளையிடம் அது செல்லாது. 1980-களின் கடைசியில் மால்கம் மாலினோவும் டெர்ரி டெய்லரும் அதைக் குழந்தைகளுக்காக மாற்றி, 0 முதல் 5 வரை என்று சுருக்கினார்கள். இதில் ஒரு வேடிக்கை: மலாவியின் பிளாண்டயருக்கு அந்தப் பெயர் வந்தது டேவிட் லிவிங்ஸ்டன் பிறந்த ஸ்காட்லாந்து ஊரால். அந்த ஊர் கிளாஸ்கோவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு அளவுகோலும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள்.

சரி, வீட்டுக்கு வருகிறேன்.

புறப்படும் முன் எனக்கு 14 பக்கக் கையேடு ஒன்று கொடுத்தார்கள். தடுப்பூசி மூன்று பக்கம். அதன்படி கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டு மஞ்சள் அட்டையும் வாங்கினேன். காப்பீடு மூன்று பக்கம், பாதுகாப்பு நான்கு பக்கம், ரசீது எப்படிச் சமர்ப்பிப்பது என்று இரண்டு பக்கம். வீட்டைப் பற்றி ஒன்றரை வரி: முதல் பத்து நாள் விருந்தினர் விடுதி, பிறகு 'தங்குமிடம் எளிதாகக் கிடைக்கும்'. உடை பற்றி, 'வெப்பமான நாடு, பருத்தி உடை நல்லது.'

கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர் பிளாண்டயர். ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம். பக்கத்து நாடான மொசாம்பிக்கின் சிப்பெரோனே மலைப் பக்கமிருந்து ஒரு மூடுபனியும் தூறலும் வரும், அதற்கே 'சிப்பெரோனி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாலு நாள் விடாது. கொடைக்கானலில் டிசம்பரில் கைத்தறிச் சேலையோடு இறங்கியவளின் நிலைமை எனக்கு. முதல் வாரச் சம்பளத்தில் நான் வாங்கியது மருத்துவப் புத்தகம் இல்லை. பிளாண்டயரை ஒட்டிய லிம்பே சந்தையில் பழைய துணிக் குவியலில் பொறுக்கி எடுத்த ஆண்பிள்ளை ஸ்வெட்டர் ஒன்று.

இதெல்லாம் சின்ன விஷயம்தான், சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதது, இரண்டாவது நாளே என்னை வார்டில் எதிர்பார்த்தது. காலை ஏழரைக்கு வார்டு, மாலை நாலரைக்கு புரோக்கரோடு வீடு பார்ப்பது, இரவு விடுதிக் கட்டிலில் கணக்குப் போடுவது. பத்து நாளுக்குள் வீடு பிடிக்கவில்லை என்றால் விடுதி வாடகை என் தலையில். எனக்குக் காட்டிய முதல் நான்கு வீடுகளும் ஒரே அச்சு: உயரமான மதில், மேலே மின்கம்பி, வாசலில் காவலாளி, வாடகை டாலரில், மூன்று மாத முன்பணம். உங்கள் உதவித்தொகையில் பாதிக்கு மேல் அதிலேயே போயிருக்கும். ஐந்தாவது வீட்டைப் புரோக்கர் காட்டவில்லை, வார்டு நர்ஸ் ஒருவர் காட்டினார். மிச்சிரு மலையடிவாரத்தில் சிலோமோனி என்ற பகுதி. அவருடைய பெரியம்மா வீட்டை ஒட்டிய இரண்டறை. செங்கல் சுவர், தகரக் கூரை, முற்றத்தில் ஒரு மாமரம், சோளக்கொல்லை. வாடகை உள்ளூர்க் காசில்.

அங்கே வயதுவந்த எந்தப் பெண்ணையும் 'அமாயி' என்றுதான் அழைக்கிறார்கள். எங்கள் பக்கம் அம்மாவைப் பெற்றவள் அம்மாயி. அதனால் அந்த ஊரில் எனக்கு முதலில் வாயில் ஒட்டிய சொல் அதுவே. வீட்டுக்கார அமாயிக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. என்னைப் பார்த்ததும், இந்தியர்களை அவர்கள் சொல்வதுபோல 'அம்வென்யே' என்று சொல்லிவிட்டு, கடை வைக்கப் போகிறாயா என்று ஆங்கிலத்தில் கேட்டார். லிம்பேயில் மூன்று தலைமுறையாக இருக்கும் குஜராத்திக் கடைக்காரர்களைப் பார்த்தே பழகியவர். கடை இல்லை, கண் டாக்டர் என்றேன். அப்படியானால் இந்த இருட்டு வீட்டில் எப்படி இருப்பாய் என்று சிரித்தார்.

அந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மாலை வாசலில் யாரோ 'ஓடி! ஓடி!' என்றார்கள். எங்கே ஓட, ஏன் ஓட என்று செருப்பைத் தேடினேன். அமாயி உள்ளிருந்து நிதானமாக 'ஓடினி' என்று பதில் கொடுத்தார். அதற்கப்புறம்தான் வந்தவர் உள்ளே காலெடுத்து வைத்தார். உள்ளே வரலாமா என்பதுதான் அந்த 'ஓடி'. கதவு திறந்திருந்தாலும், வருபவர் பக்கத்து வீட்டுப் பிள்ளையானாலும், பதில் வராமல் யாரும் முற்றத்தைத் தாண்ட மாட்டார்கள். அடுத்தது நலம் விசாரிப்பு. 'முலி ப்வாஞ்சி?' எப்படி இருக்கிறீர்கள். 'ண்டிலி ப்வினோ, காயா இனு?' நன்றாக இருக்கிறேன், நீங்கள்? அவரும் நன்றாக இருப்பதாகச் சொல்லி, 'ஸிகோமோ' என்று நன்றியும் சொன்ன பிறகே வந்த காரியம் வெளியே வரும். சர்க்கரை கடன் கேட்க வந்தாலும் அப்படித்தான், சாவுச் செய்தி சொல்ல வந்தாலும் அப்படித்தான்.

இதை நான் ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்றால், அந்த மூன்றாம் நாளுக்கு முன்பே நீங்கள் என்னை எட்டுத் தாய்மார்கள் முன்னால் படிவத்தோடு உட்கார வைத்திருந்தீர்கள். பக்கத்தில் மொழிபெயர்க்க நர்ஸ். நான் தலை நிமிராமல் முதல் கேள்வியைக் கேட்டேன்: குழந்தைக்கு எத்தனை நாளாகக் காய்ச்சல்? நர்ஸ் அதற்கு முன்னால் நாலு வார்த்தை ஏதோ சொல்வார், அந்த அம்மா பதில் சொல்வாள், பிறகுதான் காய்ச்சல் வரும். மொழிபெயர்க்க ஏன் இவ்வளவு நேரம் என்று எனக்குள் எரிச்சல். சிலோமோனியில் 'ஓடி' கேட்ட மறுநாள்தான் புரிந்தது, இத்தனை நாளும் எனக்காக அந்த நர்ஸ் வாசலில் நின்று அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார் என்று. வலிப்போடு வரும் குழந்தைக்கு முதலில் ஊசிதான், விசாரிப்பு பிறகு. அது யாருக்கும் தெரியும். நான் சொல்வது ஊசி போட்டு, குழந்தை படுக்கையில் கிடக்க, தாய் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தை. ஆய்வுக்குச் சம்மதம் கேட்பதும் அப்போதுதான்.

மின்சாரம், தண்ணீர் பற்றிச் சுருக்கமாக, ஏனென்றால் தமிழ்நாட்டில் 2012-ஐக் கண்டவர்களுக்குப் பவர் கட் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மலாவியின் மின்சாரத்தில் பெரும்பகுதி ஷிரே என்ற ஒரே ஆற்றை நம்பியிருக்கிறது. 2022 ஜனவரியில் ஆனா புயல் கப்பிச்சிரா நீர்மின் நிலையத்தைச் சேதப்படுத்த, நாடு ஒரு வருடத்துக்கு மேல் தடுமாறியது. நான் போனபோதும் மின்வெட்டு இருந்தது. வீட்டு மீட்டர் ப்ரீபெய்டு. கைபேசியில் பணம் கட்டினால் இருபது இலக்க எண் வரும். அதை மீட்டரில் தட்டினால் யூனிட் ஏறும். இருட்டில், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, இருபது இலக்கத்தில் பதினேழாவதைத் தப்பாக அடித்தவர்களுக்குத் தெரியும் அந்த வேதனை. குடிநீரும் அதே ஷிரேயிலிருந்துதான், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளியிருந்து மேட்டுக்குப் பம்ப் செய்து வருகிறது. ஆக, கரண்ட் போனால் குழாயும் காற்றைத்தான் விடும். இரண்டு 20 லிட்டர் வாளியும் ஒரு மூடி போட்ட டிரம்மும் இல்லாமல் அங்கே குடும்பம் நடத்த முடியாது. 2022 மார்ச்சில் தொடங்கிய காலராவில் அந்த நாட்டில் 1,700 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். நான் போனபோது அது அடங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அமாயி குடிக்கும் தண்ணீரில் குளோரின் சொட்டு போடாமல் ஒரு தம்ளர் தரமாட்டார். கையேட்டின் தடுப்பூசிப் பக்கங்களில் இந்த மூடி போட்ட டிரம்மைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சாப்பாடு மட்டும் முதல் நாளே சொந்த ஊராகிவிட்டது. வெள்ளைச் சோளமாவைக் கொதிக்கும் நீரில் கொட்டி, துடுப்பு போன்ற கரண்டியால் தோள் நோகக் கிளறி எடுப்பது ன்சீமா. நம் களிதான், கேழ்வரகுக்குப் பதில் மக்காச்சோளம். கையால் பிய்த்து உருட்டி, நடுவில் கட்டை விரலால் குழி செய்து, தொடுகறியை அள்ள வேண்டும். தொடுகறி பெரும்பாலும் கீரை, அதில் நிலக்கடலைப் பொடி. இல்லாவிட்டால் உசிப்பா, ஏரியில் பிடித்துக் காயவைத்த பொடிமீன். நெத்திலிக் கருவாட்டை எண்ணெயில் பொரித்த வாசனை அந்த முற்றத்தில் எழுந்த அன்று நான் அழுதேன் என்று சொன்னால் என் அம்மா நம்பவில்லை. லிம்பேயில் துவரம்பருப்பு கேட்டேன். கடைக்காரர் 'நந்தோலோ' என்று ஒரு மூட்டையைக் காட்டினார். ஆண்டுக்கு 50,000 டன் துவரையை மலாவியிலிருந்து வாங்க 2021-இல் இந்தியா புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. மதுரையில் நான் சாப்பிட்ட சாம்பாரில் எத்தனை கரண்டி அந்தச் செம்மண்ணில் விளைந்ததோ. புளிகூட இருக்கிறது, 'ப்வேம்பா' என்று சாறாக்கிக் குடிக்கிறார்கள். நான் அதில் ரசம் வைத்தேன். அமாயி ஒரு வாய் குடித்துவிட்டு, காய்ச்சலுக்கு நல்லதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சாதாரண நாளில் ஏன் குடிக்கிறீர்கள் என்றார்.

இப்போது கொசுவலைக்கு வருகிறேன். இந்த மடலே அதற்காகத்தான்.

எங்கள் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. மலேரியா பற்றிய கள ஆய்வுகள் பலவற்றிலும் இருக்கும் கேள்வி: நேற்றிரவு குழந்தை கொசுவலைக்குள் தூங்கியதா? ஆம், இல்லை. ஒரு டிக். நானும் நூறு தரம் கேட்டிருப்பேன். ஏறக்குறைய எல்லோரும் ஆம் என்றார்கள். வலைக்குள் தூங்கியும் இத்தனை பேருக்கு மலேரியாவா என்று ஒரு நாள் வாய்விட்டே கேட்டேன். நர்ஸ் ஒன்றும் சொல்லவில்லை.

என்னிடமும் வலை இருந்தது, மருந்து தோய்த்த நல்ல வலை, உங்கள் அலுவலகம் கொடுத்தது. சிலோமோனி வீட்டில் அதைக் கட்ட இடமில்லை. கட்டிலுக்கு மேலே வலை கட்டச் சட்டகம் இல்லை. கூரை எட்டாத உயரத்தில் தகரம். சுவரில் ஆணி அடித்தால் சிமெண்டுப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. வாடகை வீட்டில் எத்தனை ஓட்டைதான் போடுவது? ஒரு மூலையை ஜன்னல் கம்பியில், இன்னொன்றைக் கதவுத் தாழ்ப்பாளில் கட்டினேன். இரவு கதவைத் திறந்தால் வலை முகத்தில் விழுந்தது. இரண்டு மூலை எதிலும் சிக்காமல் தொங்கின. தலைக்கு மேல் ஈரத் துணி போல வலை படிந்து மூச்சு முட்டியது. நான்காம் நாள் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன். மலேரியா வராமலிருக்கத் தினம் டாக்ஸிசைக்ளின் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன் அல்லவா, அந்தத் தைரியம். அங்கே பிறந்து வளரும் பிள்ளைக்கு அந்த மாத்திரை கிடையாது.

செப்டம்பர் கடைசியில், ஜக்கராந்தா மரங்களெல்லாம் ஊதாப் பூவாக நின்ற சமயம், ஒரு மாலை அமாயி கேட்டார்: வலைக்குள்தான் தூங்குகிறாய், இல்லையா? 'ஆமாம் அமாயி' என்றேன். யோசிக்கவே இல்லை, அந்தப் பதில் தானாக வந்தது. ஆசிரியை கேட்கிறார், வயதில் பெரியவர், என் நலனுக்காகக் கேட்கிறார், ஆம் என்பதுதான் மரியாதை. சொல்லி முடித்த பிறகு எனக்கு முகம் சுட்டது. மலேரியா ஆய்வு செய்ய ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்தவள், வலைக்குள் தூங்குவதாகப் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறேன். வெள்ளைக் கோட்டோடு, கையில் அட்டையோடு, குழந்தை உயிர் யார் கையில் இருக்கிறது என்று அந்தத் தாய் நினைக்கிறாளோ அந்த ஆளாக நின்றுகொண்டு நான் கேட்ட கேள்விக்கு அவர்கள் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. மறுநாள் அக்கா மகனைக் கூப்பிட்டு, சுவரில் துளை போட்டு மரக்கட்டை அடித்து, அதில் நான்கு கொக்கி திருகித் தந்தார். அரை நாள் வேலை. கூலியாக ஒரு கோழி. பிறகு என்னைத் தன் அறைக்கும், அந்த வரிசையில் இன்னும் மூன்று வீட்டுக்கும் அழைத்துப் போனார். ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் பகலில் கட்டில்தான் சோபா, பாய் சுருட்டினால்தான் நடக்க இடம். இரவு வலை கட்டிக் காலையில் அவிழ்க்க வேண்டும். மண்ணெண்ணெய் விளக்குக்குப் பக்கத்தில் வலை கட்டப் பயப்படுகிறவர்கள் இருந்தார்கள். சுவருக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. மலேரியாக் கொசு உள்ளே வரும் முக்கிய வழி அது. அதை அடைக்கச் சொல்லிப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆனால் மழைக்காலத்தில் கரியடுப்பை வீட்டுக்குள் வைத்துச் சமைக்கும்போது புகை வெளியே போக இருக்கிற ஒரே வழியும் அதுதான். அடைக்கச் சொன்னால் பிள்ளைக்கு மூச்சுத் திணறும். அதை அடைக்காததை அறியாமை என்று படிவம் எண்ணிக்கொள்ளும்.

அன்றிலிருந்து நான் கேள்வியை மாற்றினேன். படிவத்தில் கை வைக்க எனக்கு அதிகாரமில்லை, அச்சில் இருப்பதைத்தான் கேட்க வேண்டும், கேட்டேன். அதற்கு முன்னால் என் கதையைச் சொல்வேன்: எங்கள் வீட்டில் வலை கட்ட இடமில்லாமல் நான் பட்ட பாடு. 'ஜன்னல் கம்பியிலா கட்டினாய்?' என்று சிரிப்பார்கள். உங்கள் வீட்டில் எதில் கட்டுகிறீர்கள் என்று கேட்பேன். அப்புறம் வந்த பதில்களில் ஆம் குறைந்தது. எவ்வளவு குறைந்தது என்று நான் கணக்குச் சொல்லப் போவதில்லை. அது முறையான ஆய்வு அல்ல, அறிக்கையிலும் சேர்க்கவில்லை. ஆனால் எந்த விவரம் மெய்க்கு அருகில் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

மதிலுக்குள் அந்த நான்கு வீட்டில் ஒன்றை எடுத்திருந்தால் எனக்கு இது தெரிந்திருக்காது. அங்கே வலை ஏற்கெனவே மேலே வளையத்தில் தொங்குகிறது.

மதில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனியாகப் போகும் பெண்ணுக்கு எது தைரியம் தருகிறதோ அதில் இருக்கட்டும். எனக்கு நல்ல வீட்டுக்காரர் வாய்த்தது அதிர்ஷ்டம், அதை விதியாக்க முடியாது. ஆனால் பாதுகாப்பு என்றால் மதில் மட்டும்தான் என்று உங்கள் நான்கு பக்கமும் சொல்வது சரியில்லை. 2017 அக்டோபரில் தெற்கு மலாவியில் இரத்தம் உறிஞ்சுகிறவர்கள் நடமாடுவதாக ஒரு வதந்தி. 'அனமபோபா' என்கிறார்கள். முலாஞ்சே, பலோம்பே மாவட்டங்களிலிருந்து ஐ.நா. தன் ஊழியர்களை விலக்கிக்கொண்டது. சந்தேகத்தில் ஆட்களைக் கும்பலாக அடித்தே கொன்றார்கள். பிளாண்டயரிலும் அது நடந்தது. அந்த மக்களை முட்டாள்கள் என்பவர்கள் ஒரு நிமிடம் யோசிக்கட்டும். எங்கிருந்தோ வந்து, யாருக்கும் தெரியாத மதிலுக்குள் தங்கி, காரில் வந்து காரில் போய், குழந்தையின் இரத்தத்தைக் குப்பியில் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போகிறவர்களைப் பற்றி நம் ஊரில் என்ன பேசுவார்கள்? நான் எடுத்த இரத்தத்தைப் பற்றிச் சிலோமோனியில் என்னிடமே நேராகக் கேட்டார்கள். மாமரத்தடியில் உட்கார்ந்து பதில் சொன்னேன். எத்தனை மில்லி, எதற்கு, மிச்சம் எங்கே போகும் என்று. கேட்டவர்களில் ஒருத்தியின் தங்கை மகன் ஜனவரியில் வார்டுக்கு வந்தான். நான் சம்மதப் பத்திரத்தை எடுக்குமுன் அவள் தன் தங்கையிடம் எனக்காகப் பேசினாள்.

வாடகை விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் அறுத்துக்கொண்டே இருக்கிறது. 2023 நவம்பரில் ஒரே நாளில் டாலரின் விலை 1,180 குவாச்சாவிலிருந்து (அந்த ஊர்ப் பணம்) 1,700 ஆனது. மாவு, எண்ணெய், பஸ் கட்டணம் எல்லாம் ஏறியது. டாலரில் தொகை வாங்கும் எனக்கு வீட்டு வாடகை திடீரென்று மலிந்தது. அமாயிக்கு அதே வாடகையில் பாதி மாவுதான் வாங்க முடிந்தது. நானே கேட்டு வாடகையை உயர்த்தினேன். உங்கள் அலுவலகங்களில் ஒன்று அந்தக் கூடுதலை ஏற்கவில்லை: ஒப்பந்தத்தில் உள்ள தொகைக்குத்தான் ரசீது செல்லும் என்று பதில். சரி, என் கையிலிருந்து கொடுத்தேன், அது பெரிய காசில்லை. ஆனால் மதில் வீட்டின் டாலர் வாடகை என்றால் கேள்வியே கேட்காமல் பாஸ் ஆகியிருக்கும் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள்.

நான் கேட்பது அதிகமில்லை. போய் இறங்கிய முதல் இரண்டு வாரம் யாரையும் வார்டுக்கு அனுப்பாதீர்கள். சம்பளத்தோடு விடுங்கள். வீடு பார்க்கட்டும், வாளி வாங்கட்டும், மீட்டரில் எண் அடிக்கப் பழகட்டும், தினம் இரண்டு மணி நேரம் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் காசு கொடுத்து மொழி கற்கட்டும். சிச்செவா முழுக்க வராது, எனக்கும் வரவில்லை. விசாரிக்கவும் மன்னிப்புக் கேட்கவும் வந்தால் போதும். இரண்டு வாரம் வீண் என்று நிதிக் குழுவில் யாராவது சொன்னால், பொய்யான 'ஆம்'களைச் சேகரிக்க நீங்கள் எத்தனை வாரம் செலவழிக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஆள் அனுப்பும் வழக்கத்தை முடிந்தால் விட்டுவிடுங்கள். முதல் மாதம் குடியேறுவதிலும் கடைசி மாதம் பெட்டி கட்டுவதிலும் போய்விடுகிறது. நடுவில் இருப்பது ஒரு மாத வேலை. ஜூனில் போய் ஆகஸ்டில் திரும்புகிறவர் மழைக்காலத்தையே பார்ப்பதில்லை, மழைக்காலம்தான் அங்கே மலேரியாவின் பருவம்.

கையேட்டை எழுதுவதை அங்கே இருந்து திரும்பியவர்களிடம் கொடுங்கள். ரசீது பக்கங்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புப் பக்கங்களை அந்த ஊர் நர்ஸ்களிடம் படித்துக் காட்டுங்கள். அவர்கள் சிரிக்கும் வரிகளை நீக்கிவிடலாம். அவர்களை நான் தனியாகச் சொல்லியாக வேண்டும். எங்களைப் போல வந்து போகிறவர்களுக்கு வீடு தேடித் தருவதும், சந்தையில் விலை பேசுவதும், காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவருவதும், தப்பாகக் கேட்டதைச் சரியாக மாற்றி மொழிபெயர்ப்பதும் அவர்கள் வேலை நேரத்துக்கு வெளியே செய்கிறார்கள். எந்தக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலிலும் அது ஏறுவதில்லை. ஆய்வுச் செலவில் அதற்கு ஒரு தலைப்பு போட்டுக் காசு கொடுக்க உங்களால் முடியும்.

குயின்ஸ் என்று ஊரார் சொல்லும் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் வளாகத்தில், நோயாளிகளோடு வந்தவர்கள் கல் வைத்து அடுப்பு மூட்டி ன்சீமா கிளறுவார்கள். துணி துவைத்து வேலியில் காயப்போடுவார்கள். மதுரைப் பெரியாஸ்பத்திரி வாசலில் தூக்குச் சட்டியோடு நிற்கிறவர்கள் நினைவுக்கு வருவார்கள். தினமும் அவர்களைக் கடந்துதான் நான் வார்டுக்குப் போனேன். முதல் மாதம் கடந்து மட்டும் போனேன். பிறகு விசாரித்துக்கொண்டு போனேன், அதற்குப் பத்து நிமிடம் முன்னால் கிளம்ப வேண்டியிருந்தது.

ஒன்பதாவது கேள்வியை இன்னும் காலியாகத்தான் விட்டிருக்கிறேன். சிலோமோனியில் அந்த இரண்டறை இப்போது காலியாக இருப்பதாகப் போன வாரம் அமாயி போனில் சொன்னார். வாளிகள், டிரம், கரியடுப்பு, என் ஸ்வெட்டர் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. யாரையாவது அனுப்புவதாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், வழி சொல்கிறேன். மரத்தடியில் நின்று குரல் கொடுத்துவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். கொக்கி நான்கும் சுவரில் உறுதியாக இருக்கிறதாம். வலை கொண்டுபோனால் போதும்.

அன்புடன்,
விழித்திரை மருத்துவர் ஒருவர்,
மதுரை